லைக்குக்குத் தரும் காசு யாருடையது?

"லைக் போடுங்க, ஓட்டுப் போடுங்க, தினமும் காசு" என்று சொல்லும் ஆப்களைப் பற்றி விசாரிக்க வருபவர்கள் இப்போது அதிகம். மதுரையில் ஆடிட்டராக இருக்கிறேன். கல்லூரி மாணவர்கள், வேலை தேடுபவர்கள், வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் என எல்லோரும் "சார், நம்பலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உனக்குத் தரும் பணம் அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது?

ஓட்டுக்குக் காசு என்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் பார்முலா' என்று ஊரெல்லாம் பேசினார்கள். அங்கே கொடுப்பவர் பதவியை எதிர்பார்த்துக் கொடுக்கிறார். ஒரு பதிவுக்கு நாம் ஓட்டுப் போட்டால் ஆப்காரருக்கு என்ன கிடைக்கும்? விளம்பரதாரர்தான் பணம் தரவேண்டும். ஆனால் காசுக்காகப் போட்ட லைக்கை நம்பி வெண்கலக்கடைத் தெரு வியாபாரி ஒரு குடம்கூடக் கூடுதலாக விற்க முடியாது. பொருள் பிடித்துப் போட்ட லைக் இல்லையே அது! யூடியூப், நீண்ட வீடியோக்களின் விளம்பர வருவாயில் 55 சதவீதத்தை அதை எடுத்தவருக்குத் தருகிறது. பார்த்து லைக் போடுபவருக்கு எதுவும் இல்லை. காசு கொடுத்து லைக் வாங்குவதையே அது தடை செய்திருக்கிறது.

ஒளிவுமறைவில்லாமல் இதை முயன்று பார்த்தவர்களும் உண்டு. 2016-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டீமிட் என்ற வலைப்பதிவுத் தளத்தைச் சொல்கிறேன். புதிதாக உருவாக்கும் 'ஸ்டீம்' என்ற கிரிப்டோ நாணயத்தில்தான் சன்மானம். பதிவுக்குக் கிடைப்பதில் எழுதியவருக்கு 75 சதவீதம், ஓட்டுப் போட்டவர்களுக்கு 25. நாணயத்தை அதிகமாகப் பூட்டி வைத்தவரின் ஓட்டுக்கு மதிப்பும் அதிகம். விளைவு என்ன? பலர் தங்கள் பதிவுக்குத் தாங்களே ஓட்டுப் போட்டுக்கொண்டார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடும் தானியங்கி பாட்கள் முளைத்தன. நல்ல எழுத்தை மேலே கொண்டுவரத்தான் அந்த ஓட்டு. அதையே விலைக்கு விற்றபோது எது நல்ல எழுத்து என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போனது.

2018 ஜனவரியில் 8 டாலர் அளவுக்குப் போன நாணயம் அந்த நவம்பரில் அரை டாலருக்கும் கீழே வந்தது. ஊழியர்களில் சுமார் 70 சதவீதம் பேரை நிறுவனம் வெளியே அனுப்பியது. 2019-ல் எழுதியவர், ஓட்டுப் போட்டவர் பங்கை 50-50 ஆக்கினார்கள். 2020-ல் 'ட்ரான்' கிரிப்டோ நாணயத்தைத் தொடங்கிய ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்க, பயனர்களில் பலர் 'ஹைவ்' என்று தனியாகப் பிரிந்தார்கள். என் கண்ணுக்கு இதில் தெரிவது ஒரு வரவுதான்: புதிதாக நாணயம் வாங்க வந்தவர்களின் பணம். அது குறைந்தால் சன்மானமும் குறையும். கைச்செலவுக்கு ஆகலாம், வருமானம் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

அதுவாவது கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த ஏற்பாடு. இன்று டெலிகிராமில் வருவது வேறு. முதலில் நான்கைந்து லைக்குக்கு நூறு, இருநூறு ரூபாய் நிஜமாகவே வரும். அப்புறம் 'ப்ரீபெய்டு டாஸ்க்' என்று நம்மிடம் பணம் கட்டச் சொல்வார்கள். திரையில் இருப்பு ஏறிக்கொண்டே போகும், எடுக்க முடியாது.

பலருக்குத் தெரியாத ஆபத்து இன்னொன்று. முதலில் வந்த அந்த நூறு ரூபாய் பெரும்பாலும் வேறு யாரோ ஏமாந்து கட்டிய பணம். அவர் புகார் செய்தால், பணம் போன வழியைப் பிடித்து வரும் போலீஸ் உங்கள் வங்கிக் கணக்கையும் முடக்கச் சொல்லலாம். சம்பளம் வரும் கணக்கு வேறு மாநிலப் புகாரில் சிக்கினால் அதை மீட்க அலைவது பெரும்பாடு. உங்கள் கணக்கை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள விட்டால் நிலைமை இன்னும் மோசம்.

பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட், யுபிஐ பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீர்கள். "இருப்பை விடுவிக்க முதலில் வரி கட்டுங்கள்" என்று கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வருமான வரியை டெலிகிராம் குழுவில் யாரும் வசூலிப்பதில்லை. உண்மையாகப் பிடித்துக் கட்டிய வரி, வருமான வரித் துறைத் தளத்தில் உங்கள் 26ஏஎஸ் படிவத்திலேயே தெரியும்.