சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் டயருக்கு எது பதம்?

2012-இல் டொயோட்டா ஜிடி86 வெளிவந்தபோது அதன் சக்கரங்களைக் குனிந்து பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். 200 குதிரைசக்தி, பின்சக்கர இயக்கம், தரையோடு படுத்த உருவம். இவ்வளவும் இருந்தும் மாட்டியிருந்த டயர் மிஷ்லின் பிரைமசி எச்.பி. அதே 215/45 ஆர்17 அளவில் அந்த டயர் பிரியஸ் காருக்கும் போய்க்கொண்டிருந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பிறந்த காரின் டயரை ஸ்போர்ட்ஸ் காருக்குப் போட்டது கஞ்சத்தனம் என்று பலர் பேசினார்கள். வடிவமைப்புக் குழுவின் தலைவர் டெட்சுயா டாடா அதைத் தெரிந்தேதான் செய்திருந்தார். பிடி குறைவாக இருந்தால் சாதாரண வேகத்திலேயே கார் நெளிந்து கொடுக்கும், ஓட்டுபவருக்கு அந்த நெளிவு கைக்கு வரும், காரின் சுவையே அதில்தான் என்பது அவர் கட்சி.

காரை வாங்கிய கையோடு அந்த டயர்களைக் கழற்றிவிட்டு, நன்றாக ஒட்டும் டயர்களை மாட்டியவர்கள் ஏராளம். டிராக்கில் நேரம் குறைந்தது உண்மை. எல்லோருக்கும் கார் நன்றாக ஆகிவிட்டதா என்றால், இல்லை. ஏன் என்று புரிய, டயர் தரையை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய 1,000 கிலோ. 1989-இல் வந்த முதல் தலைமுறைக்கு 185/60 ஆர்14 டயர் (185 என்பது மில்லிமீட்டரில் அகலம்), காற்று 26 பிஎஸ்ஐ. ஒரு டயருக்கு 250 கிலோ என்று வைத்தால், அந்த அழுத்தத்தில் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 137 சதுர சென்டிமீட்டர். விரல்களைச் சேர்த்துத் தரையில் ஊன்றிய ஒரு கையளவு. பிரேக், திருப்பம், வேகமெடுப்பு எல்லாம் இந்த நான்கு கையளவு ரப்பர் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். இந்தக் கணக்கில் டயரின் அகலம் வரவே இல்லை, கவனித்தீர்களா? அகலமான டயர் போட்டால் இந்தப் பரப்பு பெரிதாகிவிடாது. அகலம் கூடி நீளம் குறையும், அவ்வளவுதான். திருப்பத்தில் அந்த வடிவம் உதவும் என்பது சரி. அதற்கு விலையும் உண்டு, பின்னால் வருகிறேன்.

எடை குறைந்த காருக்கு இயற்கையே ஒரு சலுகை தருகிறது. டயர் மேல் சுமையை இரட்டித்தால் பிடி இரட்டிப்பதில்லை, அதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதனால் ஒரே ரப்பர் கனமான காரில் தருவதைவிட இலேசான காரில் எடைக்கு எடை அதிகமாகப் பிடிக்கும். எம்எக்ஸ்-5 அவ்வளவு ஒல்லியான டயரோடு அவ்வளவு சுறுசுறுப்பாக ஓடியதற்கு இது ஒரு காரணம்.

சரி, ரப்பருக்கு வருவோம். அது தரையைப் பிடிப்பது இரண்டு விதத்தில். ஒன்று நேரடி ஒட்டுதல்: ரப்பரின் மூலக்கூறுகள் சாலைக் கல்லை மிக நெருங்கி, அந்த மட்டத்திலேயே பற்றிக்கொள்கின்றன. மற்றது, கல்லின் மேடு பள்ளங்களில் அமுங்கிய ரப்பர் உடனே எழாமல் சோம்பலாக எழுவது. வழுக்கப் பார்க்கும் டயரில் ஒவ்வொரு மேட்டின் முன்பக்கமும் அழுத்தம் கூடுகிறது, பின்பக்கம் குறைகிறது. இந்த வித்தியாசம் வழுக்கலை எதிர்த்துத் தள்ளுகிறது. அதில் செலவாகும் ஆற்றல் சூடாக வெளியேறுகிறது. மழையில் நடுவே தண்ணீர் வந்துவிடுவதால் முதல் வழி பெரும்பாலும் அடைபட்டுப்போகும். இரண்டாவதுதான் காப்பாற்றும்.

இரண்டுமே சூட்டைப் பொறுத்தவை. திரவ நைட்ரஜனில் முக்கிய ரப்பர், சுத்தியல் பட்டால் உடைந்து தெறிக்கும். அளவு மீறிச் சூடானால் மேல்தோல் குழைந்து வழுக்கும், பிய்ந்தும் போகும். அதிரசப் பாகுக்கு இருப்பதைப் போல இதற்கும் ஒரு பதம் உண்டு. வராவிட்டாலும் கெட்டது, தாண்டினாலும் கெட்டது. டயர் கம்பெனிகள் ரப்பரில் கார்பன் கரி, சிலிக்கா, எண்ணெய், பிசின் என்று கலப்பதெல்லாம் இந்தப் பதத்தை எங்கே வைப்பது என்ற கணக்குதான்.

இங்கே ஒரு அழகான விஷயம். ரப்பருக்கு வேகமான அமுக்கமும் குளிரும் ஒரே விளைவைத் தருபவை. சக்கரம் உருளும்போது ரப்பர் நொடிக்குச் சில பத்து முறைக்குள் அமுங்கி எழும். பிரேக்கில் சறுக்கும்போது நுண்ணிய கற்கள் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை அமுக்கும். ஆக, உருளும்போது துள்ளி எழுந்து எரிபொருளை மிச்சப்படுத்தும் அதே ரப்பர், சறுக்கும்போது சோம்பலாக நடந்துகொண்டு ஈரத்தில் பிடிக்கும்படி கலக்க முடியும். மிஷ்லின் 1992-இல் கொண்டுவந்த சிலிக்கா கலந்த டயர் இந்த வித்தையைத்தான் செய்தது. இன்றைய நல்ல சாலை டயர்கள் பெரும்பாலும் அதன் வாரிசுகள்.

டிராக்குக்கென்று வரும் செமி-ஸ்லிக் டயரின் பதம் வேறு இடத்தில் இருக்கிறது. டோயோ ஆர்888ஆர், நான்காங் ஏஆர்-1 போன்றவை இந்த வகை. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் காடி வெட்டியிருப்பார்கள். இவை முழுதாகப் பிடிக்க ரப்பர் 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். டிராக்கில் இரண்டு மூன்று சுற்றில் அது நடந்துவிடும். சாலையில் சட்ட வேகத்தில் போகும் ஆயிரம் கிலோ கார் அந்தச் சூட்டைத் தொடவே தொடாது. எடை குறைவு என்பதால் டயரைப் பிசையும் வேலையும் குறைவு. அகலத்தின் விலையும் இதுதான்: சூடேற்ற வேண்டிய ரப்பர் கூடிப்போகிறது. இங்கிலாந்தில் பனிக்கால காலையில் லோட்டஸ் எலிஸ் என்ற இலேசான ஸ்போர்ட்ஸ் காரில் செமி-ஸ்லிக்கோடு கடைக்குப் போகிறவர், சாதாரண டயர் போட்ட பக்கத்து வீட்டுக்காரரைவிட மோசமான பிடியோடு போகிறார். மே மாத மதியத்தில் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கவலை தலைகீழ். அங்கே பதம் வருவதில் சிரமமில்லை, தாண்டாமல் பார்ப்பதே பாடு.

மழை வந்தால் இன்னொரு கணக்கு. 1960-களில் நாசாவில் விமான டயர்களை வைத்துச் சோதித்து ஓர் எளிய சூத்திரம் கண்டார்கள்: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். 26 பிஎஸ்ஐக்கு அது சுமார் 53 மைல், அதாவது 85 கிலோமீட்டர். ஆழமான காடிகள் நீரை வெளியேற்றி இந்த எல்லையைத் தள்ளிப்போடும். செமி-ஸ்லிக்கில் காடி குறைவு. அகல டயரில் முன்னால் ஒதுக்க வேண்டிய தண்ணீர் அதிகம். இரண்டும் சேர்ந்த இலேசான கார், மழை பெய்த நெடுஞ்சாலையில் பயமுறுத்தும்.

இனி, டாடாவின் கட்சிக்கு வலு சேர்க்கும் இடம். திருப்பத்தில் சக்கரம் பார்க்கும் திசையும் கார் போகும் திசையும் ஒன்றல்ல. நடுவே சில டிகிரி கோணம் இருக்கும். தரையைத் தொடும் அந்தக் கையளவு பரப்பில், முன்விளிம்பில் தரையைப் பிடிக்கும் ரப்பர் பின்னால் போகப் போகப் பக்கவாட்டில் அதிகமாக இழுபடுகிறது. எனவே பக்கவிசையின் மையம், பரப்பின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் அமைகிறது. அந்த இடைவெளி சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. ஸ்டீயரிங்கில் நாம் உணரும் கனத்தில் பெரும்பங்கு இதுதான். எல்லையை நெருங்கும்போது பரப்பின் பின்பகுதி முதலில் சறுக்க ஆரம்பிக்கும். விசையின் மையம் முன்னால் நகரும். ஸ்டீயரிங் இலேசாகும். முக்கியமானது என்னவென்றால், பிடி உச்சத்தைத் தொடும் முன்பே இந்தக் கனம் குறையத் தொடங்கிவிடும். டயர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

கோணம் கூடக் கூடப் பிடி ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கும். பிரைமசி போன்ற டயரில் அந்த உச்சம் தட்டையான மேடு. தாண்டினாலும் பிடி மெதுவாகத்தான் இறங்கும். செமி-ஸ்லிக்கில் உச்சம் உயரம், குறைந்த கோணத்தில் வரும், அதன் பிறகு சரிவும் செங்குத்து. எச்சரிக்கைக்கும் சறுக்கலுக்கும் நடுவே அவகாசம் குறைவு, வேகமோ அதிகம். ஓட்டப் பழகுகிறவருக்கு முதல் வருடம் சாலை டயரே போதும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பணத்தை டயரில் போடுவதைவிட டிராக் கட்டணத்தில் போடலாம்.

எந்த டயர் வாங்கினாலும் காற்றைக் கவனிக்காவிட்டால் வீண். 25 டிகிரியில் 26 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்பினால், உள்ளே இருக்கும் காற்று 75 டிகிரி ஆகும்போது 33 காட்டும். டயரின் நடுப்பகுதி உப்பி, ஓரங்கள் சும்மா இருக்கும். அதனால் டிராக்கில் ஓடி வந்ததும் பிட்டில் வைத்துக் காற்றை இறக்குவார்கள். ஊசி முனை வெப்பமானியை ட்ரெட்டில், அதாவது தரையைத் தொடும் ரப்பர் பகுதியில், உள்ஓரம், நடு, வெளிஓரம் என மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பார்கள். நடு மற்ற இரண்டைவிடச் சூடு என்றால் காற்று அதிகம். வெளிஓரம் மட்டும் கொதித்தால் காற்றோடு, சக்கரத்தின் சாய்வையும் பார்க்க வேண்டும். முன்பக்கம் ஸ்ட்ரட் என்ற எளிய சஸ்பென்ஷன் அமைப்புள்ள ஜிடி86 கார்களில் இது வழக்கமான புகார். வெப்பமானி இல்லையென்றால் பல டயர்களின் தோளில் இருக்கும் சிறிய முக்கோண அடையாளத்தைப் பாருங்கள். உரசல் அதைத் தாண்டிப் பக்கச்சுவர் வரை வந்திருந்தால் காற்று போதவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி அடிக்க மறக்கக் கூடாது: சூட்டில் 26-க்கு இறக்கிய டயர் ஆறியதும் 20-தான் இருக்கும்.

சாலை டயருக்கும் செமி-ஸ்லிக்குக்கும் நடுவே ஒரு கூட்டம் உண்டு: யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் மாதிரி. பக்கச்சுவரில் இருக்கும் 200 என்ற தேய்மான எண்ணால் அமெரிக்காவில் இவற்றை அடையாளம் சொல்வார்கள். டெக்சஸில் சான் ஆஞ்சலோ அருகே பொதுச் சாலைகளில் சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, 100 என்று மதிப்பிட்ட ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை ஒப்பிட்டு வருவது இந்த எண். எண் கூடினால் டயர் கூடுதல் காலம் உழைக்கும் என்று பொருள். அச்சிடுவது கம்பெனியே. அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கமான எஸ்.சி.சி.ஏ., கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டியில் சாலைக் கார் வகுப்புகளுக்கு 200-க்குக் குறையக் கூடாது என்று விதி வைத்தார்கள். உடனே எல்லோரும் சரியாக 200 போட்ட, முடிந்தவரை ஒட்டும் டயர்களைச் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு ஓட்டம் ஒரு நிமிடமே என்பதால் உடனே பதத்துக்கு வரும் டயர்தான் அங்கே ராஜா. ஓட்டங்களுக்கு நடுவே தண்ணீர் தெளித்து அதை ஆற்றுவதும் உண்டு. அதையே இருபது நிமிடம் விடாமல் டிராக்கில் ஓட்டினால் பாதியிலேயே குழைந்துவிடலாம்.

எனவே ஒரே செட் டயரில் வேலைக்கும் போய், வருடத்தில் சில நாள் டிராக்குக்கும் போகிறவருக்கு மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 போன்ற நல்ல கோடை டயர் போதும்.  டிராக் நாட்கள் கூடினால் தனி ரிம்களில் செமி-ஸ்லிக் வாங்கிக்கொள்ளலாம். பிடி கூடினால் பிரேக், பேரிங், எஞ்சின் ஆயில் எல்லாவற்றின் மீதும் பாரம் கூடும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய செமி-ஸ்லிக்கை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் ட்ரெட் ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் கெட்டிப்படும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அதைப் படித்துவிட்டு, ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்கும் கடினமானியை ட்ரெட்டில் அழுத்தி, வரும் எண்ணை அதே மாடலின் புது டயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகு விலை பேசலாம்.