வானத்துக் காமாவும் பெரியப்பாவின் கரண்டும்

நவம்பர் மாதம், அமாவாசைக்கு முந்தின இரவு. லடாக்கில் ஹான்லே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,270 மீட்டர் உயரம். வெளியே குளிர் மைனஸ் பதினைந்தைத் தாண்டிவிட்டது. வானத்துக் காமா கதிரைத் தேடும் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி, வெடித்த நட்சத்திரம் ஒன்றின் மிச்சமான நண்டு நெபுலாவின் பக்கம் திரும்பியிருக்க, நான் கட்டுப்பாட்டு அறையில் மூன்றாவது டீயோடு உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா கூப்பிட்டார்.

"டேய், ஃபோனை அணைச்சுத் தூர வெச்சுட்டுப் படு. பன்னெண்டரையிலேர்ந்து மூன்றரை வரைக்கும் காஸ்மிக் கதிர் பூமிக்குப் பக்கத்துல போகுதாம். நாசாவே சொல்லிட்டானாம்."

அதற்காகத்தான் பெரியம்மா நான் முழித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்போ மஃப்ளராவது கட்டிக்கோ" என்று வைத்துவிட்டார்.

அந்த வாட்ஸ்அப் செய்தி பத்து வருடத்துக்கும் மேலாகச் சுற்றுகிறது. நேரம்கூட மாறுவதில்லை, அதே பன்னிரண்டரை, அதே மூன்றரை. இதுவரை சிரித்துவிட்டுப் போனேன். போன மாதம் சிரிக்க முடியவில்லை. பெரியப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. 33 கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைக்கவேண்டும், உடனே ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் மூன்று வாரம் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். கேட்டால், "காமா கதிராமே, உடம்புலயே தங்கிடுமாம், பேரப்பிள்ளைங்க கிட்ட வரக்கூடாதாம்." இருபது வருடமாகக் காமா கதிரோடு மாரடிக்கிற ஒருவன் அதே குடும்பத்தில் இருக்கிறான். அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

சரி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காமா கதிர் என்பது ஒளி. வெயில், டார்ச், ரேடியோ அலை, உங்கள் ஃபோன் பேசும் மைக்ரோவேவ், எல்லாம் ஒரே குடும்பம். வித்தியாசம் ஒவ்வொரு ஒளித்துகளும் சுமக்கிற ஆற்றலில்தான். ஒளி ஒட்டாது. சுவரில் டார்ச் அடித்தீர்கள், அணைத்தீர்கள். சுவர் டார்ச்சாக மாறிவிட்டதா? ராத்திரியெல்லாம் மினுங்குகிறதா? காமா உடம்பில் பட்டால் செல்லைச் சேதப்படுத்தும், உண்மை. புற்றுநோய் செல்லைக் கொல்ல அதைத்தானே பயன்படுத்துகிறோம்! ஆனால் பட்ட இடத்தில் அந்த ஒளித்துகளின் கதை முடிந்தது. அது தங்காது, தொற்றாது, மடியில் உட்காரும் பேத்திக்குத் தாவாது.

இன்னொன்று. அந்த ஒளியை யாராவது உண்டாக்க வேண்டும், அது சாமானியமில்லை. ஒளித்துகளின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளப்போம்; நான் தேடுகிற காமா ஒன்றின் ஆற்றல் ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு இரண்டு, மூன்றுதான். "நட்சத்திரம் ரொம்பச் சூடானால் காமா வரும் இல்லையா சார்?" என்று கல்லூரி மாணவர்களே கேட்கிறார்கள். சூட்டினால் மட்டும் அந்த அளவு வரவேண்டுமென்றால் நூறு கோடி கோடி டிகிரி வேண்டும். சூரியனின் மையமே ஒன்றரைக் கோடிதான்.

அப்புறம் எப்படி வருகிறது? உதை வாங்கி வருகிறது. ஒளி எலக்ட்ரானில் மோதித் தன் ஆற்றலை இழப்பதை 1923-இல் ஆர்தர் காம்ப்டன் காட்டினார், 1927-இல் நோபல் வாங்கினார். வானத்தில் நடப்பது அதற்குத் தலைகீழ். அங்கே எலக்ட்ரான்தான் வெறிபிடித்து ஓடுகிறது, எதிரே வரும் சோம்பேறி ஒளித்துகளை உதைத்துத் தூக்கிவிடுகிறது. அதனால்தான் தலைகீழ் காம்ப்டன் சிதறல் என்று பெயர். எதிரே வரும் லாரியின் முகப்பில் ரப்பர் பந்தை எறிந்தால் எந்த வேகத்தில் திரும்பும்? அதே கதைதான்.

உதை எவ்வளவு பெரியது தெரியுமா? பிரபஞ்சம் முழுக்க நிரம்பியிருக்கும் பழைய நுண்ணலைப் பின்னணி ஒளியில் ஒரு துகளை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஃபோன் அலைக்குத் தூரத்துச் சொந்தம்தான். அதை நான் தேடும் காமாவாக்க, ஆற்றலைச் சுமார் பதினாறு கோடி கோடி மடங்கு பெருக்கவேண்டும். உதைக்கும் எலக்ட்ரானுக்குச் சுமார் 18 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் தேவை. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் 27 கிலோமீட்டர் வளையம் கட்டி மனிதன் எலக்ட்ரானுக்குக் கொடுத்த உச்சம் அதில் நூற்றெழுபதில் ஒரு பங்கு. சார்ஜரில் போட்ட ஃபோன் அதைச் செய்துவிடும் என்று பயப்படுபவர்களுக்கு நான் என்ன சொல்ல?

நண்டு நெபுலாவில் அது நடக்கிறது. 1054-இல் வெடித்ததாகப் பூமியில் பார்த்த நட்சத்திரம்; நடுவில் மிச்சமிருக்கும் உருண்டை விநாடிக்குச் சுமார் முப்பது முறை சுழன்று எலக்ட்ரான்களை விரட்டுகிறது. அவை காந்தப்புலத்தில் சுழன்று ஒளியை உமிழும், பிறகு தாங்கள் உமிழ்ந்த ஒளியையே உதைக்கும். இவ்வளவு ஆர்ப்பாட்டமும் முடிந்து நான் தேடும் காமா நமக்கு எத்தனை வருகிறது? காற்றுமண்டலத்தின் உச்சியில் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று. ஒன்றே ஒன்று! அதன் ஆற்றல் பறக்கிற ஒரு கொசுவின் இயக்க ஆற்றல் அளவுதான். அதுவும் தரைக்கு வருவதில்லை. பல கிலோமீட்டர் மேலேயே காற்றில் மோதிச் சிதறிவிடும், ஒரு விநாடியில் நூறு கோடியில் சில பங்கு நேரம் மங்கலாய் ஒரு நீல மின்னல் அடிக்கும். எங்கள் கேமராவில் ஒளியை உணரும் 1,088 குழாய்களும் காத்திருப்பது அந்த மின்னலுக்கு. ஃபோன் வெளிச்சத்தை அணை என்று நாங்களும் அங்கே கத்துவோம். கதிருக்காக இல்லை, குழாய்களின் கண் கூசாமல் இருக்க.

சிகிச்சைக்கு வருவோம். இப்போது பல மருத்துவமனைகளில் கரண்ட் வைப்பது காமாவே இல்லை, எக்ஸ்ரே. எலக்ட்ரானை முடுக்கி உலோகத்தில் மோதவிடுகிறார்கள், அது தன் ஆற்றலை ஒளிக்குக் கொடுக்கிறது. வழிதான் வேறு. சுவிட்சை அணைத்தால் அந்த நொடியே ஒளி இல்லை. கதிரியக்கக் கோபால்ட்டிலிருந்து காமா வரும் இயந்திரம் என்றாலும் கோபால்ட் பெட்டிக்குள் இருக்கிறது, உங்களுக்குள் வரவில்லை. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் விழுங்கியவர்கள் போன்றோர் தனி, அங்கே விளக்கே உடம்புக்குள் போகிறது. டாக்டர் சொன்ன நாள்வரை குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் தள்ளியே இருங்கள்.

பயப்பட ஆசை இருந்தால் வானத்தை விட்டுவிட்டுக் காயலான் கடையைப் பாருங்கள். 2010-இல் டெல்லி மாயாபுரியில் கோபால்ட்-60 இருந்த பழைய கருவி ஒன்று இரும்போடு இரும்பாக விற்கப்பட்டு உடைக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், வேறு சிலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். மஞ்சளில் மூன்று விசிறி இதழ் போட்ட பெட்டி எங்கே கிடந்தாலும் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், விலகிப் போய் போலீஸுக்குச் சொல்லுங்கள். இதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஃபோனில் ஒட்டும் கதிர்தடுப்பு ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். நாசா சொன்னது என்று வந்தால் நாசா தளத்தில் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. கரண்ட் வைக்கச் சொன்ன தேதியை மட்டும் தயவுசெய்து தள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்த டாக்டரிடமே கேளுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும்.

பெரியப்பாவுக்கு நேற்றோடு பதினொன்று முடிந்தது. தொண்டை வறள்கிறது, சாதம் இறங்கவில்லை, இளநீரும் மோரும்தான். பேத்தி அவர் மடியில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கிறாள். சார்ஜரில் போட்ட ஃபோனில்.