‘ஓட ஓட சார்ஜ் ஏறும்’ என்று சொல்லி விற்கப்படும் பிளக்-இன் ஹைபிரிட்

மறுபடியும் அதே முறைப்பாடு. 2014ஆம் ஆண்டு மிற்சுபிஷி அவுட்லாண்டர், பெற்றோலிலும் சுவரில் செருகி ஏற்றும் மின்சாரத்திலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட், பார்வைக்குப் புதுசு போல் இருக்கிறது. “லீற்றருக்கு 67 கிலோமீற்றர் ஓடும் என்று சொல்லித்தான் தந்தவர்கள். 10கூட ஓடுதில்லை, எஞ்சினில் ஏதோ பிழை.” எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை. பின்கதவைத் திறந்தால் சார்ஜிங் கேபிள் ஜப்பானிலிருந்து வந்த பையைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. வண்டியை ஒரு தடவைகூட சுவரில் செருகவில்லை. ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “ஓட ஓட தானாக ஏறும்தானே?”

ஏறும். எதிலிருந்து ஏறும் என்பதுதான் கேள்வி. வண்டிக்குள் சக்தி வருவதற்கு இரண்டே வழிகள்: பெற்றோல் தாங்கி, சுவர் பிளக். கேபிளைச் செருகாவிட்டால் பற்றரியில் ஏறும் ஒவ்வொரு யூனிட்டும் நீங்கள் காசு கொடுத்து அடித்த பெற்றோல்தான். பிறேக் பிடிக்கும்போது சார்ஜ் ஏறுகிறதே என்பார்கள். அது ஏற்கெனவே பெற்றோல் எரித்துச் சேர்த்த வேகம். அதில் ஒரு பகுதியைத்தான் மோட்டர் திருப்பிப் பிடிக்கிறது, மிச்சம் காற்றிலும் ரயரிலும் போய்விட்டது. எஞ்சின் ஜெனரேற்றரைச் சுற்றி, அந்த மின்சாரம் பற்றரிக்குள் போய், திரும்ப வெளியே வந்து, மோட்டரைச் சுற்றுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கழிகிறது.

இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கு எஞ்சினால் பற்றரியை நிரப்ப வண்டியில் இருக்கும் சார்ஜ் பட்டனையே எடுத்துக்கொள்வோம். அவுட்லாண்டரை நிறுத்தி வைத்து அதை அழுத்தினால் எஞ்சின் ஓடி, முக்கால் மணி நேரத்துக்குள் பற்றரியை 80 வீதம் அளவுக்கு நிரப்பும். அதற்கு ஏறத்தாழ 3 லீற்றர் பெற்றோல் போகும். அந்தச் சார்ஜில் ஓடக்கூடியது 25 கிலோமீற்றர் சொச்சம். அதே 3 லீற்றரை நேரடியாக எரித்து ஓடியிருந்தால் 36 கிலோமீற்றர் போயிருப்பீர்கள். தயவுசெய்து அந்தப் பட்டனைச் சிக்கனத்துக்கான பட்டன் என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நீண்ட மலை ஏற்றத்துக்கு முன் கொஞ்சம் சேர்த்து வைக்க அது உதவும், அவ்வளவுதான்.

67 என்ற எண் எங்கிருந்து வந்தது? 2013இல் ஜப்பானில் அவுட்லாண்டர் வந்தபோது அந்நாட்டு ஜேசி08 எரிபொருள் சோதனையில் கிடைத்த கூட்டுக் கணக்கு அது. நிரம்பச் சார்ஜ் செய்த வண்டியின் மின்சார ஓட்டத்தையும் பெற்றோல் ஓட்டத்தையும் கலந்து போட்ட எண். அதே சோதனையில் பெற்றோலில் மட்டும் ஓடும்போது கிடைத்தது 18.6. அந்த எண்ணை விற்பவர் காட்டமாட்டார். நமது வீதியில், ஏசி போட்டு, கொழும்பு நெரிசலில் அந்த 18.6உம் 10–12 ஆகிவிடும். ஐரோப்பாவிலும் இதுதான் நிலை. அங்கே 2021இல் பதிவுசெய்த வண்டிகளுக்குள்ளேயே சேமிக்கப்பட்ட எரிபொருள் தரவைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்டுகள் சோதனைக்கூட எண்ணைவிட ஏறத்தாழ 3.5 மடங்கு எரித்திருந்தன. ஆணையம் சொன்ன முதன்மையான காரணம், எதிர்பார்த்த அளவுக்கு அவற்றை யாரும் சார்ஜ் செய்வதில்லை என்பதுதான்.

அப்படியானால் இந்த வண்டியை வாங்கவே கூடாதா? சரியான வீட்டில் இருந்தால் இது அருமையான வண்டி. முன்னும் பின்னும் தலா ஒரு மோட்டர், வழக்கமான கியர்பெட்டி இல்லை, நகரத்துக்குள் சத்தமே இல்லாத ஓட்டம். சார்ஜ் தீர்ந்தாலும் நடுவழியில் நிற்காது. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் காத்திருந்தவர்களுக்கு, கியூஆர் குறியீட்டுப் பெற்றோல் பங்கீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தவர்களுக்கு, வீட்டிலேயே பாதி எரிபொருள் கிடைக்கிறது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று விளக்கத் தேவையில்லை. அந்த ஈர்ப்பு நியாயமானது.

ஜப்பான் வண்டிகள் பலவற்றில் உள்ளே 100 வோல்ற், 1500 வாற் பிளக்கும் இருக்கும். மின்வெட்டில் உதவும். ஆனால் அது 100 வோல்ற். நமது 230 வோல்ற் சாமானுக்கு இடையில் தகுந்த ட்ரான்ஸ்போமர் வேண்டும். இரண்டு பக்கமும் ஆண் பிளக் பொருத்திய வயரால் வண்டியிலிருந்து வீட்டுச் சுவருக்குள் மின்சாரத்தைத் தள்ளும் வேலையை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். கழற்றிய முனையைத் தொடுபவருக்கு ஷொக். மெயின் சுவிட்சை நிறுத்தாமல் இருந்தால் வெளியே கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரே போகலாம்.

இனிச் செலவுக் கணக்கு. அவுட்லாண்டர் அளவு வண்டிக்கு, சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 4 கிலோமீற்றர், பெற்றோலில் லீற்றருக்கு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 3 யூனிட் ஒரு லீற்றருக்குச் சமன். பெற்றோல் 300 ரூபாய் என்றால் யூனிட் 100 ரூபாய்க்குக் கீழே இருக்கும்வரை மின்சாரம்தான் மலிவு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பில்லின் சராசரி யூனிட் விலையை எடுக்கிறார்கள். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. வண்டி குடிக்கும் யூனிட்கள் எல்லாம் உச்சப் படியில்தான் விழும். ஒரு நாளைக்கு 30 கிலோமீற்றர், மாதம் 25 நாள் என்றால் ஏறத்தாழ 188 யூனிட். 120 யூனிட்டில் இருந்த வீடு 300ஐத் தாண்டிவிடும். 180க்கு மேற்பட்ட படியின் விலையைப் பார்த்து, மாதாந்த நிலையான கட்டணம் கூடுவதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கூரையில் சூரியப் படலம் போட்டு, மிஞ்சும் மின்சாரத்தை வெளியே கொடுத்துப் பில்லில் கழிக்கும் நெற் மீற்றரிங் எடுத்த வீடென்றால் கதையே வேறு. இந்த வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான வீடு கிடையாது.

கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. மாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள், வண்டி நிற்கும் இடத்தில் பிளக் இல்லை, அல்லது தினமும் யாழ்ப்பாணம்–வவுனியா போல நெடுந்தூரம் ஓடுகிறீர்கள் என்றால், பிளக்-இன் வாங்காதீர்கள். சார்ஜ் இல்லாத அவுட்லாண்டர் 200 கிலோ அளவுக்குப் பற்றரியையும் அதன் பெட்டியையும் சும்மா சுமந்துகொண்டு ஓடும் 1800 கிலோ வண்டி. நல்ல நிலையிலுள்ள ஒரு டொயோட்டா அக்குவா (சாதாரண ஹைபிரிட்) அதில் பாதிப் பெற்றோலில் ஓடும். 4.4 யூனிட் பற்றரியுள்ள பழைய பிரியஸ் பிளக்-இன் கொஞ்சம் பரவாயில்லை. செருகாவிட்டாலும் அது சாதாரண பிரியஸ் போல ஓடிவிடும்.

பாவித்த வண்டி வாங்குவோர் அடுத்த பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. ஆகவே சந்தையில் சுற்றும் அவுட்லாண்டர்களில் பெரும்பாலானவை பழையவை. டாஷ்போர்டில் தெரியும் கட்டங்கள் பற்றரியின் ஆரோக்கியம் அல்ல, அந்த நேரத்துச் சார்ஜ் மட்டும்தான். கட்டம் முழுக்க நிரம்பிய படத்தை அனுப்பி “பற்றரி 100 வீதம்” என்பவரோடு பேசி நேரத்தை வீணாக்காதீர்கள்.

செலவில்லாத சோதனை இது. சார்ஜ் தீர்ந்து எஞ்சின் தானாக எழும்பும்வரை வண்டியை ஓடுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, மின் மீற்றரைப் படம் எடுத்து, நிரம்பும்வரை சார்ஜ் போட்டு, மீற்றரைத் திரும்பப் பாருங்கள். 12 யூனிட் பற்றரியுள்ள முதல் தலைமுறை அவுட்லாண்டர் புதிதில் ஏறத்தாழ 10 யூனிட் எடுக்கும். அடியிலும் மேலும் கொஞ்சத்தை அது பாதுகாப்புக்காக ஒதுக்கி வைப்பதால் முழு 12ஐயும் எடுக்காது. 8க்கு மேல் எடுத்தால் வயதுக்குத் திருப்தி. 6.5 என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. விலையில் அதைக் கழியுங்கள்.

அதோடு ஸ்கானர் போட்டு 80 செல்களின் வோல்ற்றேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜ் குறைந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். நிரம்பிய நிலையில் நோய்ப்பட்ட செல்லும் நல்லதுபோல் தெரியும். ஒரு செல் மற்றவற்றைவிட 0.1 வோல்ற் கீழே கிடந்தால் முழுப் பற்றரிப் பொதியும் அந்தச் செல்லின் அளவுக்குத்தான் ஓடும். “ஒரு செல்லை மட்டும் புதிதாகப் போட்டுத் தருகிறோம்” என்பவரிடம் அதைப் பழைய செல்களோடு எப்படிச் சமப்படுத்துவார் என்று கேளுங்கள். பதில் தெளிவில்லை என்றால் வந்துவிடுங்கள். ஜப்பானில் குறைவாக ஓடிய வண்டியிலிருந்து கழற்றிய பொதியும் அதே வயதுதான். லித்தியம் பற்றரி ஓடாமல் இருந்தாலும் கிழமாகும்.

சார்ஜிங் பிளக் விடயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பான் கேபிள் 200 வோல்ற், 15 ஆம்பியருக்குச் செய்தது. அதன் தலையை வெட்டி நமது 13 ஆம்பியர் சதுர முனைப் பிளக்கை முறுக்கிப் பொருத்துகிறார்கள். கேத்தல் 5 நிமிடம் கொதிப்பதற்கும் 4 மணி நேரம் இடைவிடாமல் 15 ஆம்பியர் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பிளக்குக்குள்ளே கருகிய பித்தளையில் தெரியும். ஃபியூஸ் போகிறது என்று வெள்ளிக் காகிதம் சுற்றியவர்களும் இருக்கிறார்கள். வீடு எரியும், ஐயா.

செய்ய வேண்டியது: 230 வோல்ற்றுக்குச் செய்த, வண்டிக்குப் பொருந்தும் ரைப் 1 முனையுள்ள கேபிள் வாங்குங்கள். விநியோகப் பலகையிலிருந்து தனி வயர், 4 சதுர மில்லிமீற்றர், 20 ஆம்பியர் பிறேக்கர், அதற்கென்றே 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச், 16 ஆம்பியர் நீல நிறக் கைத்தொழில் சொக்கெற். எர்த் கம்பியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், இருக்கிறது என்ற வாய்ச்சொல் போதாது. இடையில் எக்ஸ்ரென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். 13 ஆம்பியர் பிளக்தான் இருக்கிறது என்றால் கேபிளை 10 ஆம்பியர் அல்லது அதற்குக் கீழே வைத்து, முதல் நாள் ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

பராமரிப்பில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சின் குறைவாக ஓடினாலும் எஞ்சின் ஒயிலை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். சூடேறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடி நிற்கும் எஞ்சினில் ஒயிலோடு பெற்றோலும் ஈரமும் கலக்கும். ‘பெற்றோல் அடித்தே மூன்று மாதமாகிறது’ என்று பெருமைப்படுபவர்கள், எஞ்சின் திடீரென்று தானாக ஓடத் தொடங்கினால் பயப்பட வேண்டாம். பழைய பெற்றோலை எரிக்க வண்டி எடுக்கும் முடிவு அது. மூன்று மாதத்துக்குள் 15 லீற்றராவது அடியுங்கள். பின் பிறேக்குகள் பாவனை குறைந்து துருப்பிடித்து இறுகும். வருடம் ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு வராவிட்டால் பெரிய பற்றரியைச் சந்தேகிக்க முதல் 12 வோல்ற் சின்னப் பற்றரியைப் பாருங்கள்.

ஏசி வேலைக்கு எல்லாக் கடைக்கும் போகாதீர்கள். இந்த வண்டிகளின் ஏசி கொம்பிரசர் உயர் வோல்ற்றேஜில் ஓடும் மின் மோட்டர். அதற்கு பிஓஈ வகை ஒயில் மட்டும்தான். சாதாரண வண்டிக்குப் போடும் பிஏஜி ஒயில் கலந்தால் மின்காப்புப் போய், வண்டி பிழைக் குறியீடு காட்டி ஓட மறுக்கும். அவுட்லாண்டரில் பற்றரியைக் குளிராக்குவதும் அதே ஏசிதான். ஆகவே அது மனிதருக்கான சௌகரியம் மட்டுமல்ல. கடைக்காரரிடம் எந்த ஒயில் போடப்போகிறார் என்று கேட்டு, போத்தலைக் கண்ணால் பாருங்கள்.

உயர் வோல்ற்றேஜ் ஓடும் செம்மஞ்சள் நிற வயர் எதையும் வீட்டில் தொடாதீர்கள், சர்வீஸில் உயர் அழுத்த நீர் அடிக்கவும் விடாதீர்கள். வெள்ளத்தில் கதவளவுக்கு நின்ற வண்டியை ‘காய்ந்துவிட்டது’ என்று சார்ஜில் போடவோ ஸ்டார்ட் செய்யவோ வேண்டாம். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் நிறுத்திவிட்டு, மின்காப்பை அளக்கும் கருவியும் 1000 வோல்ற் கையுறையும் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்.