மூன்றாவதாக வந்த குதிரை

பந்தய நாளில் பெங்களூரு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ரேஸ் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் பலருடைய கண்ணும் முதலில் போவது குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்களுக்குத்தான். 3-1-5-2 என்று, கடைசி நாலு ஓட்டங்களில் அது வந்த இடங்கள். அந்தப் புத்தகத்திலேயே மிகக் குறைவாகச் சேதி சொல்கிற எண்கள் அவை. எத்தனை கிலோ சுமந்தது, என்ன தூரம், எந்த வகுப்பு, தரை எவ்வளவு ஈரம், முன்னால் போனவர்கள் என்ன வேகத்தில் இழுத்தார்கள் என்பதெல்லாம் தெரியாதவரை அந்த 1 நல்ல ஓட்டமா, இந்த 5 நல்ல ஓட்டமா என்று சொல்லவே முடியாது. ‘ஃபார்ம்’ பார்ப்பது என்றால், பழைய ஓட்டம் ஒவ்வொன்றையும் அது நடந்த சூழலிலிருந்து பிரித்தெடுத்து இன்றைய சூழலுக்கு மாற்றி எழுதுவது.

எடையிலிருந்து தொடங்கலாம். இங்கே நடப்பவற்றில் பெரும்பாலானவை ஹேண்டிகேப் பந்தயங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் அதன் திறமையை அளக்கும் ஒரு ரேட்டிங் உண்டு. அது ஒரு புள்ளி கூடினால் சுமக்கும் எடை அரை கிலோ கூடும். பெங்களூரில் 20 முதல் 45 வரை ரேட்டிங் உள்ளவை நாலாம் வகுப்பு, 40 முதல் 65 வரை மூன்றாம் வகுப்பு, இப்படி மேலே போகும். நல்ல குதிரையின் முதுகில் ஈயத்தை ஏற்றி, சுமாரான குதிரைக்கு இறக்கி, எல்லாம் ஒரே நேரத்தில் கம்பத்தைத் தொட வேண்டும் என்பதுதான் எடையை நிர்ணயிக்கும் ஹேண்டிகேப்பரின் கனவு. அது பலிப்பதில்லை, பலிக்காத இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

ஒரு கணக்கு. 1200 மீட்டரில் ‘ஆ’ குதிரை 53 கிலோவோடு ஜெயித்தது. ‘அ’ குதிரை 60 கிலோவோடு, இரண்டு லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) பின்னால், மூன்றாவதாக வந்தது. வெற்றிக்குப் பிறகு ‘ஆ’வின் ரேட்டிங் 8 புள்ளி ஏறியது, ‘அ’வுக்கு மாற்றமில்லை. அடுத்த முறை இரண்டும் மோதும்போது ‘ஆ’ 4 கிலோ கூடுதலாகச் சுமக்கும். 1200 மீட்டரில் ஒரு லெங்த்துக்கு ஏறத்தாழ 1.1 கிலோ என்பது நடைமுறை வாய்ப்பாடு; 1600 மீட்டரில் அது 0.9 கிலோ, 2400 மீட்டரில் சுமார் 0.7. தூரம் கூடக்கூட அதே எடை நெடுநேரம் அழுத்துகிறது, அதனால் குறைந்த எடையே ஒரு லெங்த்தைத் தின்றுவிடும். 4 கிலோவை 1.1-ஆல் வகுத்தால் 3.6 லெங்த். போன முறை 2 லெங்த் தோற்ற ‘அ’ இந்த முறை காகிதத்தில் 1.6 லெங்த் முன்னால் நிற்கிறது. புத்தகத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் 1, மற்றதற்குப் பக்கத்தில் 3. கூட்டம் 1-ன் பின்னால் ஓடும்.

இந்தக் கணக்கு சறுக்கும் இடங்களும் உண்டு. ஜெயிக்கிற குதிரையைக் கடைசி ஐம்பது மீட்டரில் ஜாக்கி கடிவாளத்தைத் தளர்த்தி நிதானமாக விட்டிருந்தால் அந்த இரண்டு லெங்த் உண்மையில் நாலாக இருந்திருக்கலாம். கற்றுக்குட்டி ஜாக்கிக்குத் தரும் எடைச் சலுகையைக் கழிக்க மறந்தால் முழுக் கணக்கும் கோணும். மூன்று, நான்கு வயதுக் குதிரை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். ஹேண்டிகேப்பர் ஏற்றிய 4 கிலோவை அது வளர்ச்சியிலேயே சமாளித்துவிடக்கூடும். ஏழு வயதுக் குதிரையிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

நேரத்தை நம்பலாமே என்பார்கள். ஒரு லெங்த் சுமார் 2.4 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க 0.15 விநாடிகூட ஆகாது. முடிவில் வேகம் தணிந்திருப்பதால் ஆறு லெங்த் ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் மொத்த நேரம் தனியாகப் பெரிதாக ஒன்றும் சொல்லாது. அதை இரண்டாக உடைக்க வேண்டும். 1200 மீட்டரை ஒரு பந்தயத்தில் முதல் 600-ஐ 35 விநாடி, கடைசி 600-ஐ 39 விநாடி என்று ஓடினார்கள் என்று வையுங்கள். இன்னொன்றில் 37.5, பிறகு 36.5. இரண்டும் கூட்டினால் 74 விநாடிதான். ஆனால் முதல் பந்தயத்தில் முன்னால் பாய்ந்தவை கடைசியில் காற்றுப் போன டயர் போல நின்றுவிட, பின்னால் காத்திருந்தவை சும்மாவே தாண்டிப் போயிருக்கும். அவற்றின் ‘அபாரமான முடிவு’ பாதி மாயை. இரண்டாவதில் முன்னால் போனது மூச்சை மிச்சம் பிடித்து வைத்திருந்தது. பின்னாலிருந்து வந்து இரண்டு லெங்த்தில் தோற்ற குதிரை உண்மையில் பெரிய ஓட்டம் ஓடியிருக்கிறது.

இதற்குக் காரணம் குதிரையின் உடம்பில் இருக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை துடிக்கும் இதயம் ஓட்டத்தில் 220-ஐத் தாண்டும். மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். அவற்றின் பங்கு நாற்பது சதவீதத்திலிருந்து அறுபதுக்கு மேல் ஏறும். நாலுகால் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு, அதுவும் மூக்கு வழியாக மட்டும். குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது. இத்தனை இருந்தும் முதல் பாதியில் ஆக்சிஜன் வரவைவிடச் செலவு கூடினால், தசையில் அமிலம் சேர்ந்து தாவலின் நீளம் குறையும். அந்தக் கடனைப் பந்தயத்துக்குள் அடைக்க வழியில்லை. எனவே இன்றைய பந்தயத்தில் முன்னால் ஓடும் பழக்கமுள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று என்றால் அதற்கு அதிர்ஷ்டம். மூன்று இருந்தால் அவை ஒன்றையொன்று எரித்துவிடும், நாலாவதாகக் காத்திருப்பதைத் தேடுங்கள். ஃபார்ம் பார்க்கிற பலர் இந்த ஒரு வேலையைச் செய்வதில்லை, இத்தனைக்கும் ஐந்து நிமிடம் பிடிக்காத வேலை.

தூரப் பொருத்தத்தில் பிறப்பும் சேரும். 2010-ல் வெளியான ஆய்வொன்று, தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவின் ஓர் எழுத்து மாற்றம், பந்தயக் குதிரை இனமான தரோபிரெட் குறுந்தூரத்துக்கா நெடுந்தூரத்துக்கா என்பதோடு நெருங்கிய தொடர்புள்ளது என்று காட்டியது. நம்மிடம் அந்தப் பரிசோதனை முடிவு இருக்காது. தகப்பன் குதிரையின் மற்றக் குட்டிகள் எந்தத் தூரத்தில் ஜெயித்தன என்று பார்ப்பதே அதற்கு ஏழை வீட்டு மாற்று.

வளைவு, பள்ளிக் கணக்கு. அரைவட்ட வளைவில் ஒரு மீட்டர் வெளியே ஓடினால் கூடுதலாக 3.14 மீட்டர் ஓட வேண்டும். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இதுதான் விடை. மூன்று மீட்டர் தள்ளி ஓடியது ஒன்பது மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ நாலு லெங்த் அதிகம் ஓடியிருக்கிறது. மூன்று லெங்த்தில் தோற்று, வளைவு முழுக்க வெளியிலேயே மாட்டிக்கொண்ட குதிரை தோற்ற குதிரையே அல்ல. இது ரேஸ் புத்தகத்தில் அச்சாகாது. பந்தய வீடியோவை, ஜெயித்ததை விட்டுவிட்டு நாலாவது ஐந்தாவதாக வந்தவற்றின் மேல் கண்ணை வைத்து, மறுபடி பார்க்க வேண்டும்.

பெங்களூரின் சம்மர் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு பின்னிக் கிடப்பதால் தரையை மறக்கக் கூடாது. பெனட்ரோமீட்டர் என்ற கருவியின் கம்பி புல்தரையில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து அறிவிப்பார்கள். எண் கூடினால் தரை இளகியது. இளகிய தரையில் எல்லா நேரமும் நீளும், அதனால் வெயில் நாள் நேரத்தோடு மழை நாள் நேரத்தை ஒப்பிடுவது வீண். அதே நாளில் அதே தூரம் ஓடிய வேறு வகுப்புக் குதிரைகளோடு ஒப்பிடுங்கள். கடல் மட்டத்துக்குச் சற்றே மேலுள்ள கிண்டியில் எடுத்த நேரம், 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரு நேரம், 2200 மீட்டருக்கு மேல் காற்றே மெலிந்த ஊட்டியில் எடுத்த பழைய நேரம், மூன்றையும் ஒரே தராசில் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குதிரை இன்று தயாரா என்பதற்கு ட்ராக் ஒர்க், அதாவது பயிற்சி ஓட்டச் செய்திதான் ஆதாரம். ‘இன்னர் சாண்ட், 1000 மீ. 1-7, கடைசி 600 மீ. 40’ என்று வரும்; உள் மணல் தடத்தில் 1000 மீட்டரை 1 நிமிடம் 7 விநாடியில் ஓடியது, கடைசி 600-ஐ 40 விநாடியில் என்று பொருள். அந்த 40 விநாடியைவிட முக்கியம் அதன் பக்கத்தில் இருக்கும் சொல். எளிதாக ஓடி 40 என்றால் கையில் இன்னும் சரக்கு இருக்கிறது; அழுத்தி ஓட்டி 40 என்றால் அவ்வளவுதான். மேலே இருந்தது ஜாக்கியா, பயிற்சியில் மட்டும் ஓட்டும் ரைடிங் பாயா என்றும் பாருங்கள், எடை மாறும். மூன்று மாதத்துக்கு மேல் ஓடாமல் வருகிற குதிரைக்கு இரண்டு மூன்று நல்ல ஒர்க்காவது இல்லையென்றால் இன்றைய ஓட்டமே அதற்குப் பயிற்சியாக இருக்கலாம். போன முறை நடுவழியில் திடீரென நின்றுபோனதற்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தது காரணமா என்று பந்தயத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகளான ஸ்டூவர்ட்ஸின் அறிக்கையில் தேடுங்கள். பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக்கில் கழுத்தும் பின்தொடை இடுக்கும் நுரை தள்ள வியர்த்து நின்றால் அது பந்தயத்துக்கு முன்பே பாதி ஓடிவிட்டது. வெயிலில் எல்லாமே வியர்க்கும். ஒன்று மட்டும் வியர்த்தால்தான் சேதி.

இத்தனையும் பார்த்து ‘இதுதான் ஜெயிக்கும்’ என்று ஒரு பெயரைச் சொல்வது அரைவேலை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். 1986-ல் போல்ட்டன், சாப்மன் இருவரும் இதற்கு ஒரு புள்ளியியல் வழியை வெளியிட்டார்கள். குதிரைக்கு ஒரு மதிப்பெண் கொடு, 2.718-ஐ அந்த மதிப்பெண்ணின் அடுக்குக்கு உயர்த்து, மொத்தத்தில் அதன் பங்கு என்ன என்று பார். மூன்று குதிரைக்கு 1, 0.5, 0 என்றால் 2.72, 1.65, 1 வரும். வாய்ப்புகள் சுமார் 50.6, 30.7, 18.6 சதவீதம். ஹாங்காங்கில் இதே வழியில் கணினியை வைத்துப் பெரும் பணம் சேர்த்த பில் பென்டர் 1994-ல் எழுதிய கட்டுரையில் ஒன்றை ஒப்புக்கொண்டார்: தன் மாடலைத் தனியாக விடாமல், கூட்டம் நிர்ணயித்த விலையையும் அதனுள் கலந்தபோதுதான் கணிப்பு மேம்பட்டது. கூட்டம் முட்டாள் அல்ல. பல நாடுகளின் நீண்டகாலக் கணக்கில் ஃபேவரிட், அதாவது கூட்டம் அதிகம் நம்பும் குதிரை, மூன்றில் ஒரு பந்தயம் ஜெயிக்கிறது. மூன்றில் இரண்டு தோற்கிறது என்பதும் அதே கணக்குதான்.

டோட்டில் (கட்டிய பணத்தையெல்லாம் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் முறை) 10 ரூபாய்க்கு 35 ரூபாய் என்றால் கூட்டம் அந்தக் குதிரைக்குக் கொடுக்கும் வாய்ப்பு 10/35, ஏறத்தாழ 28.6 சதவீதம். எல்லாக் குதிரைக்கும் இப்படிப் போட்டுக் கூட்டினால் நூறைத் தாண்டும். தாண்டுகிற பகுதி நடத்துபவர் கழித்துக்கொள்வது. உங்கள் எண் அந்த 28.6-ஐவிடத் தெளிவாக மேலே இல்லையென்றால் நல்ல குதிரையும் நல்ல பந்தயம் ஆகாது. 1996-ல் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திறமை சார்ந்த ஆட்டம் என்றுதான் சொன்னது. ஆனால் கட்டும் முழுத் தொகையின் மேல் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 40 ஆனது. ஐந்தாறு சதவீதம் மேலான கணிப்பு எவ்வளவு திறமையானாலும் அந்தச் சுவரைத் தாண்டாது. கணிக்கிற சுவைக்காகக் கணிப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

கணிப்பு சரியா என்று சோதிக்க ஒரு நோட்டு போதும். 25 சதவீதம் என்று நீங்கள் எழுதிய குதிரைகளை மட்டும் தனியாகச் சேருங்கள். 50 சேர்ந்தபோது 12 அல்லது 13 ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் வெறும் அதிர்ஷ்டமே அதை 7-க்கும் 18-க்கும் இடையில் எங்கும் கொண்டுபோய் நிறுத்தலாம். 400 சேர்ந்தால் எதிர்பார்ப்பு 100, அதிர்ஷ்டத்தின் ஆட்டம் 83 முதல் 117 வரை. ஒரு நாளைக்கு ஏழெட்டு பந்தயம், அதில் அந்த 25-ல் விழுவது நாலைந்து குதிரை. 400-ஐத் தொட எண்பது முதல் நூறு பந்தய நாள் ஆகும். அதுவரை நோட்டில் எழுதியதைப் பந்தயம் முடிந்தபின் திருத்தாமல் வைத்திருக்க வேண்டும், பென்சிலால் எழுதாதீர்கள்.