அம்மா எந்தக் கோயிலில் மொட்டை போட்டாள்?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். பரேலில் கீமோ தொடங்கப்போகிறது, முடி கொட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வயது மகளுக்கு இதை எப்படிச் சொல்வது? "திருப்பதி வேண்டுதல்னு சொல்லிடு" என்கிறாராம் பாட்டி.

பாட்டியின் யோசனை சில வாரம் தாங்கும். அப்புறம் புருவமும் இமைமுடியும் உதிரத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். எந்தச் சாமியும் புருவத்தைக் காணிக்கை கேட்டதில்லை. உண்மையையே சொல்லலாம், குழந்தைக்குப் புரியும்.

புற்றுச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பிளந்து பெருகும் என்பது தெரிந்த கதை. கீமோ மருந்துகள் பலவும் அந்தப் பிளத்தலைத்தான் கெடுக்கின்றன. டாக்ஸோரூபிசின் டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொள்ளும், பேக்ளிடாக்சல், செல் இரண்டாகப் பிரிய உதவும் நுண்குழாய்களை இறுக்கிவிடும். எது கெட்ட செல், எது நல்ல செல் என்று இவற்றுக்குத் தெரியாது. தாதர் ஸ்டேஷனில் திருடனைப் பிடிக்க வந்த போலீஸ், ஓடுகிற எல்லாரையும் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திருடன் மாட்டுவான், சர்ச்கேட் லோக்கலுக்காக ஓடியவரும் மாட்டுவார். பெஞ்சில் தூங்குகிறவர் தப்பித்துவிடுவார். உங்கள் மகளுக்கு இந்தக் கதை போதும்.

தலையில் சுமார் 1 லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. அவற்றில் 85 முதல் 90 சதவீதம் எப்போதும் வளரும் கட்டத்தில் இருக்கும். அவற்றின் அடிக்குமிழில் உள்ள செல்கள், உடம்பிலேயே மிக வேகமாகப் பிளப்பவற்றில் சேர்த்தி. மருந்து ஏறியதும் குமிழ் திணறுகிறது. அந்தச் சமயத்தில் உருவாகும் முடி ஓரிடத்தில் மட்டும் ஒல்லியாகிவிடுகிறது. அந்த இடம் பலமிழந்து, சீப்புப் பட்டாலே ஒடிகிறது. முதல் ஊசிக்கும் முடி கொட்டுவதற்கும் நடுவே 2, 3 வாரம் இடைவெளி விழுவது இதனால்தான். வாயிலும் குடலிலும் உள்ள செல்களும் வேகமாகப் பிளப்பவை, அதனால் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் இதே ரகம்.

சரி, எல்லாம் அழிந்தால் முடி திரும்ப எப்படி முளைக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முடியை உற்பத்தி செய்யும் தண்டுச் செல்களும் (புதுச் செல்களைப் பெற்றெடுக்கும் தாய்ச் செல்கள்) அந்தக் குமிழில்தான் இருக்கும் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் டி.என்.ஏ.வில் அடையாளம் ஏற்றிவிட்டுச் சில வாரம் காத்திருந்தார்கள். வேகமாகப் பிளக்கும் செல்லில் அடையாளம் பங்குபோய்ப் பங்குபோய் மறைந்துவிடும். சும்மா கிடக்கும் செல்லில் அப்படியே நிற்கும். குமிழில் தேடினால் ஒன்றுமில்லை. மேலே, புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்துமே ஒரு குட்டித் தசை, அது ஒட்டும் இடத்திலுள்ள சின்னப் புடைப்பில் அடையாளம் பத்திரமாக இருந்தது! தண்டுச் செல்கள் அங்கே பெரும்பாலும் தூங்குகின்றன. தூங்குவதால்தான் பெரும்பாலும் தப்பிக்கின்றன. எலித்தோலை நோண்ட எதற்குக் காசு என்று கேட்கும் பட்ஜெட் புலிகளுக்கு இதைக் காட்ட வேண்டும்.

மருந்து ஏறும்போது தலையைக் குளிர்விக்கும் தொப்பியும் உண்டு. ரத்த ஓட்டம் குறைவதால் மயிர்க்காலுக்குப் போகும் மருந்தும் குறைகிறது. 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எல்லாருக்கும் பலிக்காது, ரத்தப் புற்றுக்கு ஆகாது. இதை அழகு சமாச்சாரம் என்று ஒதுக்காமல் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

குழந்தையிடம் முடி கொட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். "நான் படுத்தினதாலயா?", "எனக்கும் ஒட்டிக்குமா?" என்ற இரண்டு பயத்தையும் அவள் கேட்காமலே இருக்கலாம், நீங்களாகவே இல்லையென்று சொல்லுங்கள். திருஷ்டி சுற்றுவது பாட்டியின் மனசுக்காக நடக்கட்டும், "யார் கண்ணோ பட்டுடுச்சு" என்ற பேச்சு மட்டும் குழந்தை காதில் விழவேண்டாம். டாக்ஸோரூபிசின் கொடுத்தால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தமில்லை, மருந்தின் நிறம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சிகிச்சை முடிந்து 1 முதல் 3 மாதத்தில் பெரும்பாலும் முடி முளைக்கத் தொடங்கும். முதலில் சுருட்டையாக வந்தால் வியக்காதீர்கள், பலருக்கு அப்படித்தான்.