காசரவள்ளியின் நெகட்டிவ்: ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எப்படி அழிகிறது, எப்படி மீள்கிறது

கன்னட இயக்குநர் கிரீஷ் காசரவள்ளி சினிமாவுக்கு வருவதற்கு முன் மருந்தியல் படித்தவர். 1950இல் ஷிமோகா மாவட்டத்தின் தீர்த்தஹள்ளி பக்கம் கேசலூரில் பிறந்தார். மணிபாலில் பி.ஃபார்ம் முடித்தார். அப்புறம் மருந்துத் தொழில் தனக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி, புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். 1975இல் தங்கப் பதக்கத்தோடு படிப்பை முடித்தவர், 1977இலேயே ‘கடஷ்ராத்தா’வை எடுத்துவிட்டார். முதல் படம். அதற்கே சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. இசைக்காக பி.வி. காரந்துக்கும் அந்தப் படத்தில் தேசிய விருது.

கன்னட எழுத்தாளர் யு.ஆர். அனந்தமூர்த்தியின் கதை அது. மலைநாட்டு வேத பாடசாலை ஒன்றில் குருவின் மகள் யமுனா, இளம் விதவை, கர்ப்பமாகிவிடுகிறாள். அங்கே படிக்க வந்த நாணி என்ற சிறுவன் மட்டும்தான் அவளுக்குத் துணை. கடைசியில் பெற்ற தகப்பனே, உயிரோடு இருக்கும் மகளுக்குப் பானை உடைத்து ஈமக்கடன் செய்து அவளை ஊரைவிட்டு விலக்குகிறார். எஸ். ராமச்சந்திராவின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு இல்லாமல் இந்தப் படத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

2024 செப்டம்பரில், வெனிஸ் திரைப்பட விழாவின் பழம்படப் பிரிவில், 4கே தரத்தில் (குறுக்கே சுமார் 4,000 புள்ளிகள்) மீட்கப்பட்ட ‘கடஷ்ராத்தா’ திரையிடப்பட்டது. புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தில் இருந்த மூல நெகட்டிவ், இத்தாலியின் பொலோன்யா நகரில் உள்ள லேபுக்குப் போய் மீட்கப்பட்டது. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும், ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து இதைச் செய்தன. படம் எடுத்ததற்கும் மீட்டதற்கும் இடையே 47 ஆண்டுகள். அத்தனை காலம் டப்பாவுக்குள் ஒரு நெகட்டிவ் என்ன ஆகிறது, அதை மீட்பது என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

முதலில் நெகட்டிவ் என்ற பொருளைப் பார்ப்போம். 35 மி.மீ. அகலமுள்ள ஒளி ஊடுருவும் நாடா. அதன் ஒரு பக்கத்தில் ஜெலட்டின் பூச்சு. மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் அதே ஜெலட்டின்தான், மாத்திரைக் கூடுக்கும் அதுவே. அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத சில்வர் புரோமைடு படிகங்கள் நிறைந்திருக்கும். கேமராவின் கதவு ஒரு நொடிக்கு 24 முறை திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் ஒளி பட்ட படிகத்தில் வெறும் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடி ஒரு புள்ளி உண்டாகிறது. இந்தக் கட்டத்தில் நுண்ணோக்கியில் பார்த்தாலும் படம் தெரியாது. லேபில் டெவலப்பர் என்ற வேதிக் கரைசலில் முக்கும்போது, அந்தப் புள்ளி இருக்கும் படிகம் முழுதும் உலோக வெள்ளியாக மாறிவிடும். நாலைந்து அணு கோடிக்கணக்கான அணுக்களாகப் பெருகுகிற இந்த இடம்தான் ஃபிலிம் வேதியியலின் மிக அழகான இடம் என்பேன். ஒளி படாத படிகங்களை ஹைப்போ என்ற இன்னொரு கரைசல் கரைத்துவிடும். மிஞ்சுவது ஜெலட்டினில் பதிந்த வெள்ளித் துகள்கள். யமுனாவின் வெள்ளைப் புடவை நெகட்டிவில் அடர்ந்த வெள்ளிப் படிவாக இருக்கும். இருண்ட மூலைகளில் வெள்ளியே இருக்காது.

இந்த வெள்ளி நல்ல உறுதியான பொருள். ஒழுங்காகக் கழுவி ஹைப்போவை நீக்கியிருந்தால் நூறு ஆண்டு தாண்டும். கழுவலில் அவசரப்பட்டிருந்தால் மிஞ்சிய கந்தகச் சேர்மம் வெள்ளியை மஞ்சளாக, பழுப்பாக மாற்றும். ஜெலட்டினுக்கு எதிரி பூஞ்சை. மழை மாதக்கணக்கில் விடாத மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் தோல் செருப்பில் பூக்கும் பூஞ்சைக்கு ஜெலட்டினும் உணவுதான். அது ஜெலட்டினைத் தின்னும்போது, பிடிமானம் இழந்த வெள்ளியும் போய்விடும்.

ஆனால் பெரிய ஆபத்து நாடாவிலேயே இருக்கிறது. ஆரம்ப காலத்தில் நாடாவை நைட்ரேட்டில் செய்தார்கள். அது தீப்பிடித்தால் தண்ணீராலும் அணைக்க முடியாது. 1950களில் அதை நிறுத்திவிட்டு செல்லுலோஸ் ட்ரைஅசிட்டேட்டுக்கு மாறினார்கள். இது எளிதில் தீப்பிடிக்காது என்று நிம்மதியாக இருந்தார்கள். ‘கடஷ்ராத்தா’ காலத்து நெகட்டிவ்கள் எல்லாம் இந்த ரகம். மரக்கூழின் செல்லுலோஸில் அசிட்டேட் கூறுகளை ஒட்டித்தான் இந்த நாடாவைச் செய்கிறார்கள். காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்த ஒட்டைப் பிரித்துவிடும். பிரிந்த கூறு அசிட்டிக் அமிலமாகிறது. வினிகரில் இருப்பது அதுதான், அதனால் டப்பாவைத் திறந்ததும் அந்தப் புளித்த வாடை அடிக்கும். உண்மையான கேடு இனிமேல்தான். வெளிவந்த அமிலமே அடுத்த கூறு பிரிவதற்கும் தூண்டுகோலாகிறது. அமிலம் அமிலத்தைப் பெருக்குகிறது. வருடக்கணக்கில் மெதுவாக நகர்ந்தது ஒரு கட்டத்துக்கு மேல் வேகமெடுத்து ஓடும். மூடிய தகர டப்பா ஆவியை வெளியே விடாமல் அதற்கு உதவுகிறது. டப்பாவின் துருவும் தன் பங்குக்குத் தூண்டும். நாடா சுருங்கும், முறுகும், ஜெலட்டின் உரிந்து வரும். ஒரு சதவீதம் சுருங்கினாலே ஓரத்துத் துளைகள் இயந்திரத்தின் பற்களோடு பொருந்தாது, ஓட்டினால் கிழியும்.

ஆய்வகக் கணக்குப்படி, 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த புது அசிட்டேட் ஃபிலிம் சுமார் 40 ஆண்டில் இந்த வேகக் கட்டத்தை எட்டும். நம் பக்கத்துக் கோடையில் விசிறி மட்டும் ஓடும் அறையில் பத்துப் பதினைந்து ஆண்டே போதும். 4 டிகிரிக்குக் குளிர்வித்து, காற்றையும் உலர வைத்தால் சில நூறு ஆண்டுகள் தாங்கும். சரியாகப் பாதுகாக்காததால் நாம் இழந்தவை கொஞ்சமல்ல. கன்னடத்தின் முதல் பேசும் படமான ‘சதி சுலோசனா’வுக்கு (1934) இன்று ஒரு பிரதிகூட இல்லை. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ கதியும் அதுவே.

சரி, மீட்பு. நெகட்டிவை முதலில் ஓட்டுவதில்லை. மேசையில் விளக்கொளியில் வைத்து அடி அடியாகக் கையால் பார்க்கிறார்கள். கிழிந்த துளைகளை ஒட்டி, பழைய ஒட்டுகள் விட்டிருந்தால் மறுபடி ஒட்டி, கழுவுகிறார்கள். பிறகு ஸ்கேனர். சுருங்கிய ஃபிலிமுக்காகவே பற்சக்கரம் இல்லாமல், உருளைகளால் மெல்ல நகர்த்தும் ஸ்கேனர்கள் உண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் (ஃபிரேம்) குறுக்கே சுமார் 4,000 புள்ளிகளாகப் படம் பிடிக்கின்றன. ஒன்றரை மணி நேரப் படம் என்றால் 1,29,600 கட்டங்கள்.

இங்கே ஒரு எளிய இயற்பியல் வேலை செய்கிறது. நாடாவின் முதுகில் கீறல் இருந்தால் ஒளி அங்கே வளைந்து சிதறும், திரையில் கோடாகத் தெரியும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண், நாடாவுக்கு ஏறத்தாழ 1.5. அதே எண்ணுள்ள ஒரு திரவத்தில் ஃபிலிமை நனைத்தபடி ஸ்கேன் செய்தால், திரவம் கீறலை நிரப்பிவிடும். ஒளிக்கு நாடா எது, திரவம் எது என்ற வேறுபாடே தெரியாததால் நேராகக் கடந்துபோகும். கீறல் மறைந்துவிடும். ஆனால் ஜெலட்டின் பக்கம் கீறல் விழுந்து வெள்ளியே சுரண்டப்பட்டிருந்தால் எந்தத் திரவமும் உதவாது.

தூசி நீக்குவதில் கறுப்பு வெள்ளைப் படத்துக்கே உரிய ஒரு கஷ்டம் இருக்கிறது. வண்ணப் படத்தில் இறுதியில் மிஞ்சுவது சாயங்கள். அகச்சிவப்புக் கதிர் அவற்றை ஊடுருவிப் போகும், தூசியில் மட்டும் தடைபடும். ஆகவே தூசியின் வரைபடம் தனியே கிடைத்துவிடும். வெள்ளியோ அகச்சிவப்பையும் மறைக்கிறது. தூசி எது, படம் எது என்று கருவியால் பிரிக்க முடியாது. எனவே மென்பொருள் முன்பின் கட்டங்களை ஒப்பிடுகிறது. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் தோன்றி மறையும் புள்ளி தூசியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டத்திலிருந்து அந்த இடத்தை நிரப்புகிறது. மழைத்துளியும் ஒரே கட்டத்தில்தான் தோன்றும்! காசரவள்ளியின் ‘த்வீபா’ நினைவுக்கு வருகிறது. அணை நீரில் மூழ்கப்போகும் தீவில் விடாத மழைக்குள் ஒரு குடும்பம் தங்கிவிடும் கதை. அது வண்ணப் படம் என்பதால் அகச்சிவப்பு உதவும். அதே மழை கறுப்பு வெள்ளையில் இருந்தால், மனிதக் கண் உட்கார்ந்து பார்த்தால்தான் மழை பிழைக்கும். வெள்ளித் துகளின் மணல்போன்ற அசைவையும் இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடக் கூடாது. துடைத்தால் முகங்கள் மெழுகுபோல வழுவழுப்பாகிவிடும்.

இதெல்லாம் முடிந்தும் ஒரு கேள்விக்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது. ஒரு காட்சி எவ்வளவு இருட்டாக இருக்க வேண்டும்? நெகட்டிவ் அதைச் சொல்வதில்லை. நெகட்டிவிலிருந்து திரையரங்குக்கான பிரதியை, அதாவது பிரிண்ட் போடும்போது எவ்வளவு ஒளி கொடுத்தார்கள் என்பதில்தான் அந்த இருள் தீர்மானமாகியிருக்கும். ஓடித் தேய்ந்த பழைய பிரிண்ட் ஓரளவு வழிகாட்டும், மீதிக்கு எடுத்தவரின் நினைவுதான். ராமச்சந்திரா 2011இல் காலமாகிவிட்டார். காசரவள்ளி இருந்தார், மீட்புப் பணியில் உடன் நின்றார். அதனால்தான், மீட்பு வேலையை ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. வெள்ளி நூறாண்டு காத்திருக்கும். எந்த மூலை எவ்வளவு இருண்டிருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவ்வளவு காலம் இருக்கமாட்டார்கள்.

காசரவள்ளிக்கே இன்னும் எத்தனையோ படங்கள். சாருஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றுத்தந்த ‘தபரன கதே’, ‘தாயி சாஹேபா’, ‘த்வீபா’ ஆகிய மூன்றும் தேசிய அளவில் சிறந்த படங்களாகத் தேர்வானவை. வண்ணப் படங்களில் மங்கக்கூடிய சாயமும் இருப்பதால், அவற்றுக்கும் சூடு ஆகாது, ஈரமும் ஆகாது.

பழைய ரீல் டப்பா வைத்திருக்கும் தயாரிப்பாளர் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமிலத்துக்கு நிறம் மாறும் சிறு காகிதப் பட்டைகள் விற்கின்றன. ஒன்றை டப்பாவுக்குள் போட்டு மூடி, ஒருநாள் கழித்துத் திறந்து பாருங்கள். நீலமாகவே இருந்தால் நல்ல நிலை. பச்சைக்கு மாறினால் சிதைவு தொடங்கிவிட்டது. மஞ்சளானால் அந்த ரீலை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைத்து, ஆவணக்காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்கும் அதைப் புரொஜெக்டரில் மட்டும் மாட்டாதீர்கள்.