லிஃப்ட் கிட் போட்ட ஜீப்: கேஸ்டரும் பினியனும் ஒரே ஹவுசிங்கில்

வண்டியை 2 அல்லது 3 அங்குலம் உயர்த்திவிட்டு நேராக வீல் அலைன்மென்ட் கடைக்குப் போகிறார்கள். அங்கே டோ (முன்சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பார்க்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்புகிறார்கள். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. தொட்டதும் ஸ்டியரிங் அலைபாய்கிறது, காலடியில் உறுமல் கேட்கிறது. முன்பக்கம் ரிஜிட் ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) உள்ள ரேங்ளர் ஜேகே, ஜிம்னி போன்ற வண்டிகளில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டியரிங் நக்கிள் திரும்பும் அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதுதான் கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராவது இதனால்தான். ஜேகேயில் கம்பெனி அளவு சுமார் 4 டிகிரி. நக்கிளைத் தாங்கும் பகுதியும் ஷாஃப்டின் சுழற்சியை டிஃபரன்ஷியலுக்குள் கொண்டுவரும் பினியன் பல்சக்கரமும் ஒரே ஹவுசிங்கில் (ஆக்ஸில் கூட்டில்) நிலையாக இருப்பவை. கேஸ்டரை 1 டிகிரி கூட்டினால் பினியனின் மூக்கு 1 டிகிரி கீழே இறங்கும். லிஃப்டுக்குப் பிறகு, டிரான்ஸ்பர் கேஸிலிருந்து (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பினியனுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஏற்கெனவே அதிகமாகச் சாய்ந்திருக்கும். அதற்குப் பினியன் மேலே பார்க்க வேண்டும். சண்டை இங்கேதான்.

ஜிம்னியில் இழப்பு அதிகம். ஆக்ஸிலைச் சேஸியோடு இணைக்கும் அதன் ரேடியஸ் ஆர்ம் ஆக்ஸிலோடு இறுகப் பிடித்திருப்பதால், ஆர்ம் எவ்வளவு சாய்கிறதோ ஆக்ஸிலும் ஏறக்குறைய அவ்வளவு உருளும். உயர்த்திய அளவை ஆர்ம் நீளத்தால் வகுத்து 57-ஆல் பெருக்குங்கள்: 700 மி.மீ. ஆர்மில் 50 மி.மீ. லிஃப்ட் என்றால் சுமார் 4 டிகிரி கேஸ்டர் போய்விடும். ஆஃப்செட் புஷ் (ஓட்டை நடுவில் இல்லாத புஷ்) அல்லது டிராப் பிராக்கெட் (ஆர்மின் பிடியைக் கீழிறக்கும் தகடு) போட்டு அதை மீட்க வேண்டும். ஜிம்னி 2எச்-ல் (பின்சக்கரங்களுக்கு மட்டும் சக்தி போகும் நிலை) ஓடும்போது முன்சக்கர ஹப்பின் பிடி விலகி முன் ஷாஃப்ட் சுற்றாது. ஆகவே தயங்காமல் கேஸ்டர் பக்கம் சாயலாம். ஜேகேயில் அந்தச் சலுகை இல்லை, முன் ஷாஃப்ட் எப்போதும் சுற்றும். அங்கே 4 டிகிரிக்கு அருகில் நிறுத்திவிட்டு, ஷாஃப்ட் கோணத்தைப் பார்த்த பிறகே மேலே போக வேண்டும். இரண்டும் முழுதாக வேண்டுமென்றால் நக்கிள் தாங்கியை அறுத்துத் திருப்பி வெல்ட் செய்வதுதான் வழி. தெருமுனைப் பட்டறையில் செய்கிற வேலை அல்ல.

கோணம் ஏன் உறுமுகிறது? ஷாஃப்ட் முனையில் உள்ள ஒற்றை யூஜே கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு) சாய்ந்து சுற்றும்போது வெளிவரும் வேகம் ஒரு சுற்றுக்கு இருமுறை கூடிக் குறையும். 10 டிகிரியில் ஏற்ற இறக்கம் 1.5 சதவீதம்தான், 20 டிகிரியில் 6 சதவீதம். இரு முனையிலும் ஒற்றை கிராஸ் இருந்தால் இரண்டு கோணமும் 1 டிகிரி வித்தியாசத்துக்குள் சமமாக இருக்க வேண்டும். யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே வரிசையில் நிற்க வேண்டும். டிரான்ஸ்பர் கேஸ் முனையில் டபுள் கார்டன் (இரண்டு கிராஸ் சேர்ந்த மூட்டு) இருந்தால் கணக்கே வேறு: பினியன் ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டும். இந்த இரண்டைக் குழப்பிக்கொண்டு ஷிம் (கோணம் மாற்றும் ஆப்புத் தகடு) வைப்பவர்கள்தான் அதிகம்.

அளக்கும்போது வண்டி சமதரையில் சக்கரத்தின் மேல் நிற்கட்டும். ஜாக்கியில் தூக்கி அளந்த எண் எதற்கும் உதவாது. டிஜிட்டல் ஆங்கிள் கேஜை டிரான்ஸ்பர் கேஸ் ஃபிளேஞ்ச், ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளேஞ்ச் மூன்றிலும் வைத்துக் குறியுங்கள். ஆர்ம் போல்ட்டுகளின் இறுதி முறுக்கும் இதே நிலையில்தான், இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுகிக் கிழியும்.

ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்ட் ராடும், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து நக்கிளுக்குப் போகும் டிராக் லிங்கும் ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். ஸ்டியரிங் பெட்டியில் டிராக் லிங்கைப் பிடிக்கும் பிட்மேன் ஆர்மை மட்டும் இறக்கினால் குழியில் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். லிஃப்டில் ஆக்ஸில் பக்கவாட்டிலும் நகரும். அதற்கு அட்ஜஸ்டபிள் பன்ஹார்ட் ராட். ஸ்டியரிங்கை டிராக் லிங்க் ஸ்லீவில் நடுவுக்குக் கொண்டுவராமல் விட்டால் ஜேகேயில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் தேவையில்லாமல் குறுக்கிடும். டோ-இன் 1.5 முதல் 3 மி.மீ. போதும்.

பிறகும் அதிர்ந்தால் அதன் வேகத்தைக் கவனியுங்கள். 33 அங்குல டயர், 3.73 ஆக்ஸில் ரேஷியோ என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ.-ல் சக்கரம் நொடிக்கு சுமார் 8.5 சுற்று, ஷாஃப்ட் 32, கிராஸ் கோணத்தின் அதிர்வு 64. கையில் எண்ணக்கூடிய குலுக்கல் டயர் பேலன்ஸ் அல்லது ஸ்டியரிங் பக்கம். இருக்கையில் வரும் உறுமல் ஷாஃப்ட் பக்கம். முன் ஷாஃப்டைக் கழற்றி 2எச்-ல் ஓட்டிப் பாருங்கள், உறுமல் நின்றால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். குலுக்கலுக்குப் புது ஸ்டியரிங் டேம்பர் (அதிர்வை அடக்கும் குழாய்) வாங்குவதற்கு முன், இன்ஜினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கை இடவலமாக அசைக்க, பன்ஹார்ட் ராட் போல்ட் ஓட்டையை இன்னொருவர் உற்றுப் பார்க்கட்டும். அங்கே அசைவு இருந்தால் டேம்பர் அதைச் சில வாரம் மறைக்கும், அவ்வளவுதான்.